பைக் மீனுக்கு ஒரு முழக் கம்பி

எந்த ரீல் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தத் தங்கூசி நூல் எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் உங்களுக்குச் சில வாரங்களில் கைவந்துவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. “புதுப் பிள்ளைகள்கிட்ட கொஞ்ச நேரம் பேசணும் அண்ணாச்சி” என்று முதலாளி கூப்பிட்டபோது, எதைப் பேசுவது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இந்தப் பழவங்காடித் தூண்டில் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றே என் வேலைக்காலம் முடிந்தது. விழிஞ்ஞத்துக் கடல்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் எடுக்கும் ஐ.டி. பிள்ளைகள், ஆற்றில் வாளை பிடிக்கிறவர்கள் என்று எத்தனையோ பேருக்குப் பொருள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். யோசிக்க உட்கார்ந்தால் அவர்கள் யாரும் வரவில்லை. விசாலம் மாமிதான் வந்தார். அவர் வாழ்நாளில் மீன் சாப்பிட்டதில்லை.

வலியசாலை அக்ரகாரத்துக்காரர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இடவப்பாதிப் பருவமழை தொடங்கப்போகிற ஒரு மத்தியானம், புழுக்கம் தாங்காமல் நான் விசிறிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோது கடைக்குள் வந்தார்.

“பைக்குக்கு என்ன வேணுமோ அதைக் காட்டுங்கோ” என்றார்.

நான் தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். “பைக் ஸ்பேர் எல்லாம் அந்தக் கடையில கிடைக்கும் மாமி. இது தூண்டில் கடையாக்கும்.”

“அது தெரியாமலா வருவேன்? ஓட்டற பைக் இல்லை. பைக்னு ஒரு மீன் இருக்கு. குளிர் தேசத்து ஏரியிலே.”

கைபேசியை எடுத்துப் படம் காட்டினார். படகில் ஒரு வெள்ளைக்காரர் நீளமான மீன் ஒன்றைத் தாங்கிப் பிடித்திருந்தார். பச்சை உடம்பில் வெளிறிய புள்ளிகள், வாத்து அலகு போலத் தட்டையான வாய். பக்கத்தில் குல்லாய் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இவ என் பொண்ணு. ஸ்வீடன்ல இருக்கா. இவர் மாப்பிள்ளை. லீவு விட்டா இந்த மீன் பின்னாலேயேதான் சுத்துவாராம். நான் அடுத்த மாசம் போறேன். முதல் தடவையா. அவர் கையிலே குடுக்க ஏதாவது வேணும்.”

எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மீனைப் பெரிதாக்கிக் காட்டினார். ஆனால் அவர் விரல் ஒவ்வொரு தடவையும் நழுவி மகளின் முகத்துக்கே போனது. பிறகு நினைவு வந்து மறுபடி மீனுக்குத் திரும்பினார்.

அந்த மீனை நான் கண்டதில்லை. கடையில் யாருமே கண்டதில்லை. நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. நமக்குத் தெரிந்த எந்த மீனுக்கு இது சொந்தம் என்று பார்க்க வேண்டும். வாயைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலும் கீழும் பல். உள்ளே போனது வெளியே வராதபடி பின்னால் சாய்ந்த பல். நம் கடலில் சீலா இருக்கிறதே, அதற்குத் தூரத்து உறவு மாதிரி இருந்தது.

முதலாளியும் எட்டிப் பார்த்தார். “அங்கே ஏரி வெள்ளம் கண்ணாடி மாதிரி தெளிஞ்சு இருக்கும் அண்ணாச்சி. கம்பியைக் கண்டா மீன் ஒதுங்கும். கட்டியான ஃப்ளூரோகார்பன் லீடர் மதி, அதுவே போதும்.”

லீடர் என்பது தூண்டில் சரத்தின் கடைசித் துண்டு, மீனின் வாய்க்குப் பக்கத்தில் நிற்பது. முதலாளி சொன்னதில் தப்பில்லை. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டித் தங்கூசியைத்தான் நானும் மனதில் எடுத்து வைத்திருந்தேன். சுருளை இறக்கி மாமியின் கையில் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் கீறினார்.

“இதை அது கடிச்சு அறுத்துண்டு போயிட்டா, அந்த மீன் என்ன ஆகும்?”

அத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மீன் கடிக்குமா, எத்தனை பெரிசு தாங்கும், இதைத்தான் கேட்பார்கள்.

“கொக்கி வாயிலயே இருக்கும்.”

“அப்புறம்?”

“சிலது உதறிப் போட்டிரும் மாமி.”

“உதற முடியாதது?”

விழிஞ்ஞம் பாறையில் ஒருமுறை நான் பார்த்த சீலா நினைவுக்கு வந்தது. யாரோ விட்ட பழைய கொக்கி அதன் தொண்டைக்குள் இருந்தது. தலை மட்டும் பெரிதாக, உடம்பு கயிறு போல மெலிந்து கிடந்தது. இரை பிடித்தும் விழுங்க முடியாமல் எத்தனை நாள் திரிந்ததோ. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். பிறகு சொன்னேன்.

மாமி சுருளைக் கவுண்டரில் வைத்தார். “பிடிச்சுட்டு திரும்ப ஏரியிலேயே விட்டுடுவாராம். பொண்ணு சொன்னா. அதைக் கேட்ட பிறகுதான் இங்கே வரவே மனசு வந்தது. எனக்கு அறாதது குடுங்கோ. கம்பி தெரியறதுன்னு மீன் வரலேன்னா வராமப் போகட்டும்.”

முதலாளி தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். நான் ஏழு இழை முறுக்கிய எஃகுக் கம்பியை எடுத்தேன். அன்று தொடங்கி, பல் உள்ள மீனுக்குப் பொருள் கேட்டு யார் வந்தாலும், அறுந்தால் என்ன ஆகும் என்று நானே முதலில் பேச்செடுத்துவிடுவேன். சிலர் எரிச்சல்படுவார்கள். படட்டும்.

கம்பியில் செய்து வைத்த லீடர்கள் கடையில் நிறைய இருந்தன. மாமி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை ஆத்துல உக்காந்து நானே பண்ண முடியுமா?”

“கை வலிக்கும் மாமி.”

“ஊறுகா கொண்டு போனா அவருக்குக் கண்ணுல ஜலம் வரும். வேஷ்டி கொண்டு போனா பெட்டியிலே கிடக்கும். எனக்கு அவர் பாஷை தெரியாது. என் கையால பண்ணினது ஏதாவது ஒண்ணு அவர் கையிலே இருக்கணும்.”

வீட்டில் செய்ய வேண்டாம், கருவி எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்றேன். மறுநாளிலிருந்து மத்தியானம் கூட்டம் குறைந்ததும் வருவார். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நெற்றியில் விபூதியோடு வந்து, பின்பக்க பெஞ்சில் உட்காருவார். கோவிலில் தேங்காய் உடைபடும் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும்.

வேலை பார்க்க எளிது. கம்பியைச் சின்ன உலோகக் குழலுக்குள் விட்டு, வளைத்து மறுபடி உள்ளே செருகி, குழலைக் குறட்டால் நசுக்க வேண்டும். அதிகம் நசுக்கினால் கம்பி உள்ளேயே வெட்டுப்படும், வெளியே தெரியாது. குறைவாக நசுக்கினால் வழுக்கிக்கொண்டு வரும். மாமியின் முதல் லீடர்களில் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டதும் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு விழுந்தன. கடைத் தரை நனையும். அவரே துடைப்பார்.

எவ்வளவு நீளம் என்பதில் எனக்கும் சந்தேகம் இருந்தது. சீலாவுக்கு நாங்கள் ஒரு சாண் வைப்போம். இந்த மீனுக்குத் தலையே ஒரு சாண் இருக்கும் போலத் தெரிந்தது. படகருகே வந்து புரண்டால் கம்பி தாண்டித் தங்கூசி பல்லுக்குள் போய்விடும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, ஒரு முழம் வைக்கலாம் என்று முடிவெடுத்தேன். மாமியின் கையை வைத்தே அளந்தோம்.

ஒருநாள் குறட்டை அழுத்திக்கொண்டே அவர் கேட்டார், “பொண்ணு கல்யாணமாகி இத்தனை வருஷம் ஏன் போகல்லேன்னு நீங்க கேக்கவே இல்லையே?”

“சொல்லணும்னா நீங்களே சொல்லுவிய.”

“ஆத்துக்காரருக்கு அந்தக் கல்யாணத்துலே சம்மதம் இல்லை. அவளோட பேசறதை நிறுத்திட்டார். என்னைப் பேசாதேன்னு சொன்னதில்லை. அவ போன் பண்ற நேரம் வந்தா செருப்பை மாட்டிண்டு வெளியே போயிடுவார். கோவிலை ஒரு சுத்து சுத்திட்டு வருவார். வந்து ஒண்ணும் கேக்க மாட்டார். ஆனா அன்னிக்கு மட்டும் ரெண்டாவது காப்பி கேப்பார். குடிச்சுண்டு அடுக்களை வாசல்லேயே நிப்பார்.”

“நீங்க சொல்லுவியளா?”

“நான் பாத்திரத்தைப் பாத்துண்டு பேசுவேன். அவளுக்கு ஜலதோஷமாம். அங்கே பனி விழறதாம். புது வேலை கிடைச்சிருக்காம். எல்லாத்தையும் கேட்டுண்டு, டம்ளரை அலம்பி வெச்சுட்டுப் போவார். போன வருஷம் போயிட்டார். கடைசி வரைக்கும் அவ பேரைச் சொல்லல்லே. அந்தக் காப்பியை மட்டும் விடல்லே.”

குறட்டை மறுபடி அழுத்தினார். அந்த லீடர் வாளியைத் தாங்கியது. அடுத்ததும் தாங்கியது. எனக்கு ஏனோ அன்று கடையைப் பூட்டிவிட்டு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி என் தங்கையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது. காரணம் இல்லாமல் பல காலமாகப் போகாமல் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மாமி கிளம்புவதற்குள் நல்ல லீடர்கள் ஒரு சின்னக் கட்டு சேர்ந்துவிட்டன. கூடவே மீனின் வாய்க்குள் கைவிடாமல் கொக்கியை எடுக்க நீள மூக்குக் குறடு ஒன்று, சில உலோகத் தகட்டு இரைகள். அவற்றின் கொக்கி நுனியில் எதிர்த்து நிற்கும் முள்ளை நானே நசுக்கிக் கொடுத்தேன். அப்படியானால் கொக்கி சுலபமாகக் கழன்று வரும். எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், கைப்பையில் வைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அவர் போகும் நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“நான் தப்பு பண்ணிட்டேன். பெட்டி தொலைஞ்சு போனா என்ன பண்றதுன்னு பயந்து எல்லாத்தையும் கைப்பையிலேயே வெச்சுட்டேன். செக்யூரிட்டியிலே நிறுத்திட்டா. கொண்டு போக விடமாட்டேங்கறா. பெரிய பெட்டி உள்ளே போயாச்சு.” அவர் குரல் கெஞ்சியது. வங்கியில் எத்தனையோ பேரை அதட்டிய குரல் அது.

பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் அவசரப்படுத்துவது கேட்டது.

நான் ஓடிப் போய் வாங்கிக்கொள்ளலாம். பழவங்காடியிலிருந்து விமான நிலையம் தூரமில்லை. ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். வாங்கினாலும் என் கையில்தான் இருக்கும். நெருக்கடி வரும்போது எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தால் எல்லாமே போகும். எதை விட்டால் பரவாயில்லை என்பதை உடனே பார்க்க வேண்டும்.

“மாமி, கேளுங்க. குறடு, கொக்கி, தகடு எல்லாத்தையும் அங்கயே கொடுத்திருங்க. யோசிக்காண்டாம். அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு கிடைக்கும். கம்பிக்கட்டை மட்டும் தனியா எடுங்க. அதுல கூர் ஒண்ணும் கிடையாது. வளைச்சுக் காட்டுங்க. விட முடியுமான்னு அவங்க மேலதிகாரிகிட்ட கேளுங்க. விடமாட்டேன்னா அதையும் கொடுத்துட்டு விமானம் ஏறிருங்க. மகளைப் பாக்கதான் போறிய.”

“கம்பியையுமா?” என்றார். அவ்வளவு நாள் பெஞ்சில் உட்கார்ந்தது அந்த ஒரு சொல்லில் இருந்தது.

“ஏறிருங்க மாமி.”

போன் நின்றுவிட்டது. ஷட்டர் பாதியில் நிற்க நான் வாசலிலேயே நின்றேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது. அதிகாரி வந்து கம்பியை வளைத்துப் பார்த்து, மகளின் படத்தையும் மீனின் படத்தையும் பார்த்துவிட்டு, லீடர்களை மட்டும் விட்டாராம். மற்றது எல்லாம் போயிற்று. முள் நசுக்கிய கொக்கிகளும் போயின. நான் நசுக்கியது. அது எனக்குக் கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன்.

பிறகு வாரக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. மத்தியானத்தில் பின்பக்க பெஞ்சு காலியாகக் கிடந்தது. புதுச் சரக்குப் பெட்டியை யாராவது அதன்மேல் வைத்தால் நான் எடுத்துக் கீழே வைப்பேன். கம்பி தாங்கியதா என்று தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மாலை அழைப்பு வந்தது. அங்கே பகல்.

“கட்டை அவர் கையிலே குடுத்தேன். விளக்குக்குக் கீழே வெச்சுப் பாத்தார். ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்தார். தலையை ஆட்டிட்டு எழுந்து போயிட்டார். எனக்கு ராத்திரி தூக்கமே வரல்லே. பிடிக்கல்லே போலிருக்குன்னு நெனச்சேன். கார்த்தால படகுலே ஏறினா, அவர் தூண்டில்லே என் கம்பி தொங்கறது.”

முதல் சில நாள் ஒன்றும் கடிக்கவில்லையாம். கம்பியைப் பார்த்துத்தான் மீன் வரவில்லை என்று மாமி மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் அதை மொழிபெயர்த்தபோது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கையை மட்டும் அசைத்தாராம், பொறுங்கள் என்பதுபோல.

“அப்புறம் ஒருநாள் நாணல் பக்கத்துலேந்து வந்தது. அவா பாஷையிலே யெத்தான்னு பேர். அம்மாடி, என்ன பலம்! படகுகிட்ட வந்து உருண்டுது பாருங்கோ, கம்பி அது தலையைச் சுத்திண்டுடுத்து. பல்லு கம்பியிலே உரசற சத்தம் என் காதுல கேட்டுது. நான் கண்ணை மூடிண்டுட்டேன்.”

“அறுந்துதா?”

“அறல்லே.”

நான் பெருமூச்சு விட்டது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“கொக்கியைக் கழட்டி ஜலத்துலேயே நிமிர்த்திப் பிடிச்சிண்டிருந்தார். அதுக்குத் தெம்பு வரணுமாம். திடீர்னு என் கையைப் பிடிச்சு அதோட வால்கிட்ட வெச்சுட்டார். நான் மீனைத் தொட்டதே இல்லை. விடுங்கோன்னு சொல்ல அவர் பாஷை தெரியல்லே. அப்படியே பிடிச்சிண்டிருந்தேன். கைக்குள்ள ஒரு அசைவு வந்தது. இன்னொண்ணு. அப்புறம் போயிடுத்து. என் பொண்ணு சின்ன வயசுலே சிரிப்பாளே, அந்த மாதிரி சத்தம் போட்டுச் சிரிச்சா. சிரிச்சுண்டே, அப்பா இருந்தா என்ன சொல்வார்ம்மான்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“கையெல்லாம் வழவழன்னு இருந்தது. ஆத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் அலம்பவே இல்லை.”

விசா முடிந்ததும், ஓணத்துக்கு முன்னால் மாமி திரும்பி வந்தார். நான் அந்த ஓணத்தோடு வேலையிலிருந்து விலகினேன். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தவர், பெஞ்சில் உட்காரவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த தூண்டில் கழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தார். அந்தப் பெரிய வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது முன்னைவிட இப்போதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றார். அங்கே இருந்துவிடச் சொல்லி மகள் கேட்டிருக்கிறாள். அது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியமில்லை. அடுத்த கோடைக்கு மறுபடி விசா கேட்கலாம், கிடைத்தால் போகலாம்.

“எனக்கு ஒரு கழி வேணும். மாப்பிள்ளை எறியக் கத்துக்குடுத்தார். அங்கேருந்து வந்தபோது என் கை நன்னாப் பழகித்தான் இருந்தது. இங்கே இருந்தா மறந்துடும்.”

எதைக் கொடுப்பது? நான் ஆயுளில் செய்த கடைசி விற்பனை அது. விலை உயர்ந்ததை எடுக்கவில்லை, பெரியதையும் எடுக்கவில்லை. அந்த ஊரில் அவர் கையில் இருந்த கழி எப்படி வளைந்தது, எவ்வளவு கனம் என்று கேட்டுக் கேட்டு, அதேபோல் ஒன்றைத் தேடி எடுத்தேன். கையில் வாங்கியதும் கண்ணை மூடி ஒருமுறை வீசிப் பார்த்தார். விசிறியில் இடிக்கப் பார்த்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வேளிக்கு வருகிறார், காயல் கடலைத் தொடும் இடத்துக்கு. நானும் போகிறேன். அவர் சரத்தின் நுனியில் கொக்கி கிடையாது. ஈயக் குண்டு மட்டும்தான். எறிவார், அது விழும் இடத்தைப் பார்ப்பார், நிதானமாகச் சுற்றி இழுப்பார், மறுபடி எறிவார். காலாற நடக்க வருகிறவர்கள் நின்று, “மீன் கிட்டியோ அம்மே?” என்று கேட்பார்கள். இல்லை என்று தலையசைப்பார்.

போன வாரம் காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து வீசியது. குண்டு இதுவரை விழாத தூரத்தில் போய் விழுந்தது. நன்றாக இருக்கிறது மாமி என்றேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார்.

“போறாது. இன்னும் தூரம் போகணும்” என்றார்.